திறந்த மடையில் நின்ற தண்ணீர்

தை பிறந்து ஆறாம் நாள் காலை, கொக்கனேந்தல் கண்மாயின் பெரிய மடையை அதில் பொருத்தியிருந்த மெஷின் வழக்கம்போல ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியது. வழக்கம்போல பதிவுசெய்த பெண்குரலில் "மடை திறந்துள்ளது, தண்ணீர் வெளியேறுகிறது, வாய்க்காலில் யாரும் இறங்க வேண்டாம்" என்று மூன்று தடவை அறிவித்தது. மடை திறந்துதான் இருந்தது, வாய்க்காலில் யாரும் இறங்கவுமில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் வெளியேறவில்லை. அது மடைவாய்வரை வந்து, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒரு கெளுத்தி மீன் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மெஷினைத் துடைத்துக் காவல் காக்கும் வேலையிலிருந்த வெள்ளைத்தாய் மீனைப் பார்த்தாள், மீனும் அவளைப் பார்த்தது. பிறகு அவள் ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்து, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரி, இதுவும் நம்ம தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த வேலையைப் பார்க்கப் போனாள்.

அவள் ஆச்சரியப்படவில்லை என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஆச்சரியப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. நாற்பத்தாறு வயதுக்குள் மாமனாருக்குப் பீ மூத்திரம் அள்ளி, நாத்தனார்மார் மூன்று பேருக்குப் பிரசவம் பார்த்து, புருஷனைத் தூக்கிக் கொடுத்து, யாருக்கெல்லாம் எதையெல்லாம் செய்ய மனசில்லையோ அதையெல்லாம் "வெள்ளைத்தாயி பாத்துக்கிருவா" என்ற ஒற்றைச் சொல்லோடு வாங்கிச் சுமந்து, அவள் எலும்புக்குள் ஒரு அசதி குடியேறியிருந்தது. தூங்கினால் போகிற அசதி இல்லை அது. அவளுக்கென்று இருந்தது மடைக்குக் கீழே குத்தகைக்குப் பிடித்த முப்பது சென்ட் நெல் வயல் மட்டுந்தான். அதில் விளைவதுதான் வருஷச் சோறு, அது அப்போது பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது.

மெஷின் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. அதற்கு முன்னால் தை மாதம் என்றால் கொக்கனேந்தலில் மண்டை உடையும். கண்மாய்க்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிற மாதமும், வயலில் கதிர் கடைசித் தண்ணீருக்கு வாயைப் பிளந்து நிற்கிற மாதமும் ஒன்றே. மரத்தடியில் தண்ணீர் கிடக்கும்வரை நாயும் நரியும் கிட்டே வராது, தண்ணீர் இறங்கினால் தாழ்ந்த கிளையில் இருக்கிற குஞ்சும் தவறி விழுகிற குஞ்சும் அதுகளுக்குத்தான். தண்ணீரைத் திறக்காவிட்டாலோ நெல் பதராகப் போகும். ஆக, வருஷாவருஷம் யாராவது ஒருத்தர் இதா அதா என்று சொல்லியாக வேண்டும், சொன்னவரை மறு தைவரைக்கும் ஊர் திட்டும். மெஷின் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அது வானத்தைப் பார்த்தது, மண்ணில் குத்தின கம்பியால் ஈரத்தை அளந்தது, கேமராவை வைத்துக் கூடுகளை எண்ணியது, பிறகு ஒரு நாள் பார்த்துத் தானே திறந்து தானே மூடிக்கொண்டது. முதல் வருஷம் ஐந்நூறு குஞ்சு போனது, மெஷின் முடிவு என்றார்கள். மறுவருஷம் கீழக்கடை வயல்கள் காய்ந்தன, மெஷின் முடிவு என்றார்கள். யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. அந்தச் சொல்லின் சுகம் கண்டுபோய், பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்கிறவர்களும், சம்பளத்தோடு நேரே சாராயக் கடைக்குப் போகிறவர்களும்கூட மெஷின் முடிவு என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

அதனால் தண்ணீர் நின்றதையும் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். ஆடுகள் நின்றவாக்கில் அந்தத் தண்ணீர்ச் சுவரை நக்கிக் குடித்தன. முடிவெட்டுகிற சிங்காரம் நாற்காலியை வாய்க்காலுக்குள் இறக்கிப் போட்டு, கண்ணாடிச் செலவு மிச்சம் என்று அங்கேயே சவரம் செய்தான். பக்கத்து ஊரிலிருந்து கல்யாண ஜோடி ஒன்று வந்து, பின்னால் கெளுத்தி தெரியப் படம் எடுத்துக்கொண்டு போனது. மெஷின் மட்டும் மணிக்கொரு தடவை "தண்ணீர் வெளியேறுகிறது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பொய்யைத் தினம் இருபத்துநாலு தடவை கேட்டால் அது குயில் சத்தம் மாதிரி ஆகிவிடும், யாரும் காதில் வாங்குவதில்லை.

மூன்றாம் நாள் மெஷினுக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஜோவிட்டா வந்தாள். தூத்துக்குடிப் பெண், ஒன்பது கண்மாய்களுக்கு ஒரே ஆள், ஸ்கூட்டர் ஓட்டி ஓட்டி முதுகு போனவள். மடியில் லேப்டாப்பை வைத்து இரண்டு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"சிஸ்டத்துல எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. எவ்ளோ நெல்லு, எத்தன கூடு, எப்ப தொறந்தா எது சாவும், அம்புட்டும் அதுக்குத் தெரியுது."

"பெறகு என்ன மேடம் தெரியல அதுக்கு?"

ஜோவிட்டா நின்ற தண்ணீரை விரலால் தட்டிப் பார்த்தாள். "வேணும்னு கேக்கத் தெரியல. அதுக்கு எதுவும் வேணாமேக்கா. நெல்லு வந்தாலும் ஒண்ணுதான், குஞ்சு பொழச்சாலும் ஒண்ணுதான்." பிறகு ரிப்போர்ட்டில் பழுது எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த கண்மாய்க்குக் கிளம்பிப் போனாள்.

சரி, மெஷினுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றால் நாமே கேட்போம் என்று ஊர் கிளம்பியது. கொக்கனேந்தலில் எதைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பஸ் வேண்டுமா, லைட் வேண்டுமா, அடுத்த ஊர்க்காரனைக் கண்டிக்க வேண்டுமா, எதை எழுதினாலும் அடியில் "இப்படிக்கு, ஊர்ப்பொதுமக்கள்" என்றுதான் போடுவார்கள். தனி ஆள் பெயர் போட்டால் நாளைக்கு போலீஸ் யாரைத் தேடி வரும் என்பது பாட்டன் காலத்திலேயே தெரிந்துகொண்ட பாடம். விவசாயிகள் சங்கத் தலைவர் சேதுமாணிக்கம் அந்த மாதிரிக் காகிதங்கள் எழுதுவதில் கைதேர்ந்தவர். நல்ல மனுஷர், எவரிடமும் முகம் சுளிக்காதவர், எந்த முடிவையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாமலே இருபது வருஷம் தலைவராக இருந்தவர். அவர் மடைவாயில் நின்று தீர்மானத்தைக் கணீரென்று வாசித்தார். இப்படிக்கு, ஊர்ப்பொதுமக்கள் என்று முடித்தார். தண்ணீர் அசையவில்லை.

பெரிய கருப்பருக்கு அர்ச்சனை செய்தார்கள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு யார் பெயருக்கு என்று கேட்க, கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு, "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றது. தண்ணீர் அசையவில்லை. பட்டணத்திலிருந்து பறவைகள் மேல் பாசமுள்ள ஒரு பெரியவர் வந்து, கைகூப்பி, இயற்கையின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன், இப்படியே நின்றுவிடு தாயே என்று தழுதழுத்தார். கெளுத்தி மட்டும் திரும்பிக்கொண்டு உள்ளே போனது.

ஐந்தாம் நாள் முனியக்கா வந்தாள். வாய்க்கு அஞ்சாதவள், அவள் வரும்போது நாய்கூட ஓரமாகப் போகும். பால் பிடிக்காமல் சுருண்ட ஒரு கதிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மடைக்கு நேரே நின்று கத்தினாள்.

"ஏ தண்ணி! ஊராவது மயிராவது! நான் முனியம்மா கேக்கேன். காத்தமுத்து மக முனியம்மா. எனக்கு வேணும். என் வயலுக்கு வேணும். வுடுறியா இல்லையா?"

தண்ணீர் வந்தது. கை கனத்துக்கு ஒரு கயிறு போல மடையிலிருந்து பிரிந்து வாய்க்காலில் இறங்கி, வழியில் இருந்த எந்த வயலுக்கும் ஒரு சொட்டுக் கசியாமல் ஓடி, முனியக்கா வயலுக்குள் புகுந்து, வரப்பு நிறைந்ததும் நின்றுகொண்டது. ஊர் கைதட்டியது. முனியக்கா மட்டும் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலு" என்றாள்.

"என்னாத்தா பதினாலு?"

"பதினாலு கூடு. கெழக்கோரத்துல மூணாவது மரத்துல அஞ்சு, அதுக்குப் பக்கத்துல ஒம்போது. ஒண்ணுல இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கு."

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வயிறு பசிப்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சாமி கண்ணைக் குத்தவில்லை, காய்ச்சல் வரவில்லை. தனக்கு என்ன வேண்டுமென்று கேட்டாள், கிடைத்தது, அது எந்தக் கூடுகளுக்கு அடியிலிருந்து வந்ததென்று தெரிந்துபோனது. ஆனால் அன்றைக்கு அடங்கின முனியக்காவின் வாய் அப்புறம் பல நாள் திறக்கவேயில்லை. ஊர் இதுவரை பார்த்த அதிசயங்களில் இதற்குத்தான் உண்மையாகவே பயந்தது.

அடுத்த நாள் இரண்டு பேர் துணிந்து பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஒருத்தன் சாயங்காலமே ஓடி வந்து, "எடுத்துக்க, எடுத்துக்க, எனக்கு வேணாம்" என்று மடையைப் பார்த்துக் கும்பிட்டான். தண்ணீர் திரும்பிப் போகவில்லை. அதன்பிறகு மடைப் பக்கம் ஆளே வரவில்லை, சிங்காரமும் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதிர்கள் தலை சாய்க்க ஆரம்பித்தன. இன்னும் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள் தாங்கும்.

அப்போதுதான் சேதுமாணிக்கம் நாலு பேரோடு வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்தார். வந்தவர்கள் கையில் ஒரு சேலை, பழத்தட்டு. அவள் அடுப்பிலிருந்து உலையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"உக்காருங்கய்யா."

"இருக்கட்டும் தாயி. உனக்குத் தெரியாதது இல்ல. நூத்தி நாப்பது குடும்பம். ஆளாளுக்குப் போயி நின்னா ஊரே பைத்தியமாப் போகும். அதான் எல்லாரும் கூடிப் பேசுனோம். மெஷினுக்குக் காவல் நீ. மடை ஒங் கைல இருக்கு. நீ ஒருத்தி போயி எல்லாருக்குமாச் சேத்துக் கேட்டுப்புடு."

"நூத்தி நாப்பது பேருக்கும் நான் ஒருத்தி கேக்கவா?"

"ஒனக்கு மனசு கெட்டி தாயி. எம்புட்டப் பாத்துட்ட. இதெல்லாம் ஒனக்கு ஒரு பாரமா?" என்றார் அவர், உண்மையான மரியாதையோடு. "ஒன் வேலைய நெரந்தரமாக்கச் சொல்லி எழுதுறோம். ஊர்ப்பொதுமக்கள் பேருல."

அவர்கள் போனபிறகு அவள் சேலையைப் பிரித்துப் பார்த்தாள். நல்ல சேலை. சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. ஊரே அவளைக் கும்பிடும், வேலை நிற்கும், முப்பது சென்டும் விளையும். மறுத்தாலோ வேலை போகும், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் கூடு, அதற்குள் எத்தனை குஞ்சோ, அத்தனையும் ஒரு தலைக்குள். எத்தனையோ சுமந்தவள்தானே என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க, கால் பெருவிரலிலிருந்து ஒரு கோபம் ஏறி வந்தது. மெஷின் வாங்கினார்கள், அது கேட்கவில்லை என்றதும் சேலை கட்டின மெஷின் ஒன்றைத் தேடி இங்கே வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவர்கள் கொடுக்க வந்தது பாரம் மட்டுமில்லை, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் அவளே சொல்ல வேண்டும் என்கிறார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று இந்த நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, தானும் வாய் திறந்து சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை கொட்டு மேளத்தோடு ஊர் கூடியது. வெள்ளைத்தாய் பழைய சேலையிலேயே வந்தாள். தட்டையும் புதுச்சேலையையும் சேதுமாணிக்கத்தின் காலடியில் வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். மேளம் நின்றது. மெஷின் ஒரு தடவை அறிவித்து ஓய்ந்தது.

"நான் வெள்ளைத்தாய்" என்றாள். அவளுக்கே தன் குரல் புதுசாக இருந்தது. "எனக்குச் சோறு வேணும். என் முப்பது செண்டுக்குத் தண்ணி வேணும். ஊருக்காகக் கேக்கல. அவுகவுகளுக்கு வேணும்னா அவுகவுக வந்து கேக்கட்டும்."

தண்ணீர் விரல் கனத்துக்குப் பிரிந்து அவள் காலை நனைத்துக்கொண்டு போனது. ஒன்பது கூடு, இருபத்திரண்டு குஞ்சு. வடக்குக் கரையோரம் இரண்டு மரம். மேலே கூட்டம் கொதித்தது. நன்றி கெட்டவள் என்றார்கள், யார் சோற்றைத் தின்று வளர்ந்தாள் என்றார்கள். அவள் சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு, கரையைச் சுற்றி வடக்கே நடந்தாள். தண்ணீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்திருந்த அந்த இரண்டு மரத்துக்கு நடுவில் போய் முட்டளவுச் சேற்றில் நின்றாள்.

அன்றைக்கு மதியத்துக்குமேல் ஆட்கள் ஒவ்வொருவராக மடைக்கு இறங்கினார்கள். ஒருத்தர் கேட்பதை இன்னொருத்தர் பார்க்காதபடி தள்ளி நின்று முறை வைத்தார்கள். சிலர் கிட்டே போய்த் திரும்பிவிட்டார்கள். சிலர் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சேதுமாணிக்கம் கடைசியாகப் போனார். "நான்..." என்று தொடங்கி, "சங்கத் தலைவர்" என்றார். தண்ணீர் அசையவில்லை. மூன்று தடவை முயன்றும் அவர் வாயில் அவர் பெயர் வரவில்லை. அந்த வருஷம் அவர் நெல் மாட்டுக்குத்தான் ஆனது. பறவைகளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார், யாரும் மறுத்துப் பேசவில்லை. கேட்டவர்கள் ஐம்பத்தேழு பேர். அவர்களில் வெள்ளைத்தாய்க்குப் பின்னால் கம்போடு தங்கள் மரத்தடிக்கு வந்தவர்கள் பதினொரு பேர், அதில் முதலாவது முனியக்கா. மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். எதையும்தான் பழகிக்கொள்ளலாமே.

மெஷினைத் துடைக்க வேறு ஆள் போட்டார்கள். வெள்ளைத்தாய் இருபத்தாறு நாள் அந்தச் சேற்றிலேயே கிடந்தாள். காலில் சேற்றுப்புண் வந்தது. தலையில் எச்சம் விழுந்து காய்ந்து, கழுவக் கழுவ மறுபடி விழுந்தது. நாரைகளுக்கு அவள் யாரென்று தெரியாது, நன்றியும் கிடையாது. கிட்டே போனால் அலகை நீட்டிச் சீறின. ஒரு நாள் அந்த வழியாக வந்த ஜோவிட்டா கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"எத்தன நாள்க்கா இப்படி? வீட்டுக்குப் போங்களேன்."

"நான் கேட்டேன்ல மேடம்" என்றாள் வெள்ளைத்தாய்.

இருந்தும் மூன்று போயின. ஒன்று, அவள் குடிதண்ணீருக்குப் போன நேரத்தில் நாயிடம். இன்னொன்று காட்டுப்பூனையிடம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்பு எட்டாத கிளையில். மூன்றாவது காரணமே தெரியாமல் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது, அதற்குத் தான் பொறுப்பா இல்லையா என்று அவளால் கடைசிவரை முடிவுகட்ட முடியவில்லை. மிச்சம் பத்தொன்பதும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கையை அடித்துப் பார்த்து, மாசி நடுவில் பறந்து போயின. திரும்பிப் பார்க்கவில்லை.

மாசிக் கடைசியில் முப்பது சென்டை அறுத்தாள். புது நெல்லைக் குத்தி, உலை வைத்து, வடித்து, அகலமான தட்டில் சோற்றைக் கொட்டிக் கொஞ்சம் மோர் விட்டு உட்கார்ந்தாள். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்திருந்தாள். வாயில் வைத்ததும் கசக்கும், குமட்டும், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கைகூட இருந்தது. முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டாள். சோறு நன்றாக இருந்தது. பால் மணத்தோடு, லேசாக இனித்துக்கொண்டு, அவ்வளவு நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போன மூன்றையும் நினைத்து, மாமனார் செத்தபோதும் புருஷன் செத்தபோதும் அழாத அழுகையை அழுது முடித்தாள். பிறகு மூக்கைச் சிந்திக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பானையிலிருந்து இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டாள்.